முதலில் தீர்ந்துபோவது

ரோசிலி போட்ட சோப்பு இறுகவில்லை.

மரத்தட்டில் ஊற்றி மூன்று நாளாகிவிட்டது. இதற்குள் கத்தி வைத்தால் பாளம் பாளமாக வெட்டுப்பட வேண்டும். இதுவோ அல்வா மாதிரி கத்தியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மேலே தேங்காயெண்ணெய் துளித் துளியாகக் கோத்து நின்றது. வெளியே துலா மாதத்து ஐப்பசி மழை இடியோடு கொட்டிக்கொண்டிருந்தது. சமையற்கட்டுக்குப் பின்னாலிருக்கும் அந்தத் தகரச் சார்ப்புக்குள் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்பதே பெரும்பாடு.

"இதக் குளிக்கக் குடுக்குறதா, ரொட்டியில தடவக் குடுக்குறதா?" என்று கேட்டாள் ஷைலா.

ஷைலா அடுத்த வீட்டுக்காரி. எங்கள் அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுவான அயல்கூட்டத்தில் வாய் நீளம் அவளுக்குத்தான். ரோசிலி சோப்புக் காய்ச்சுவாள், ஷைலா தாளில் சுற்றி வீடு வீடாய்ப் போய் விற்றுவருவாள். மீனச்சிலாற்றின் இந்தக் கரையில் பாதி வீடுகள் அந்தச் சோப்பில்தான் குளித்தன.

"எண்ணெய்தான் சரியில்ல சேச்சி. உங்க ஆளு கலப்படம் பண்ண ஆரம்பிச்சுட்டாரு," என்று அவளே காரணமும் சொன்னாள்.

"என் ஆளா? யாரு அது?"

"அதையும் நானே சொல்லணுமா? பேரச் சொன்னா உங்க கன்னம் செவக்கும். அப்புறம் சோப்புக்கு யாரு கலர் போடுறது?"

ரோசிலி சிரித்தாள். நாற்பது வயதில் கன்னம் சிவப்பதைப் பற்றிப் பேச ஒருத்தியாவது இருக்கிறாளே என்ற சிரிப்பு. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"சேச்சி. அப்பச்சனோட தலையணை கீழ விழுந்திருக்கு. எங்க இருக்கே?"

அது சுவரின் குரல். அயர்லாந்திலிருக்கும் ரோசிலியின் தம்பி டோமி, போன கோடைக்கு வந்தபோது அப்பச்சனின், அதாவது அவர்கள் அப்பாவின், அறையில் ஒரு கேமராவை மாட்டிவிட்டுப் போயிருந்தான். உள்ளங்கையளவு வெள்ளைப் பெட்டி. அதில் ஒரு சிவப்பு விளக்கு, ஒரு கண், ஒரு வாய். பஸ்ஸில் போகும்போதும், பிள்ளைகளைப் பள்ளியில் விடும்போதும், மனைவி ஆஸ்பத்திரி வேலைக்குப் போன பின் தனியே உட்கார்ந்திருக்கும்போதும் டோமி அதன் வழியாக அப்பச்சனைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அவன் கெட்டவனில்லை. விட்டுப் போனவனின் குற்ற உணர்ச்சி அப்படி அவனைப் பார்க்கவைத்தது. ஆனால் அப்பச்சனைப் பார்க்கும் கண்ணில் ரோசிலியும் அல்லவா விழுந்தாள்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

அப்பச்சனின் பெயர் அவுசேப்பு. ஒரு காலத்தில் ரப்பர் ஷீட் வியாபாரி. முறுக்கிய மீசையும் வெள்ளைச் சட்டையுமாய் இவர் நடந்துவந்தால் பாலா ஊர்ச் சந்தையில் விலையே ஒரு ரூபாய் ஏறும் என்பார்கள். பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. மிச்சமிருந்தது ஒரே ஒரு எழுத்து, "ரோ." ஒரே ஒரு கை, இடது கை. அந்த எழுத்தால் மகளைக் கூப்பிடுவார். அந்தக் கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். பிடித்தால் விடமாட்டார். அவர் உறங்கிய பிறகுதான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டு அவள் எழுந்து போகவேண்டும். ரோசிலியின் மணிக்கட்டில் வளையல் கிடையாது. ஆனால் வளையல் போட்டதுபோல் எப்போதும் ஒரு சிவந்த தடம் இருக்கும்.

தலையணையை எடுத்துச் சரியாக வைத்தாள். கை பிடிபட்டது.

"தாங்க்ஸ் சேச்சி," என்றது சுவர்.

மறுநாள் மழை கொஞ்சம் விட்டது. அப்பச்சன் உறங்கும் நேரம் பார்த்து, ஷைலாவை வீட்டில் உட்காரவைத்துவிட்டு ரோசிலி முக்குக்குப் போனாள். அங்கேதான் குரியாச்சனின் எண்ணெய் மில். நாற்பத்தாறு வயது. மனைவி இறந்து ஆறேழு வருடம் ஆகிறது, பிள்ளையில்லை. கொப்பரை வாசனை அந்த ஆளின் சட்டையிலேயே குடியிருக்கும்.

"குரியாச்சா, எண்ணெயில என்ன கலந்தீங்க?"

கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். குரியாச்சன் மிஷினிலிருந்து ஒழுகும் எண்ணெயில் விரலை நனைத்து நாக்கில் வைத்துக்கொண்டார்.

"என் மனசுல வேணும்னா கலப்படம் இருக்கும் ரோசிலி. எண்ணெயில இல்ல."

"பின்ன சோப்பு ஏன் இறுகல?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நான் எண்ணெய் ஆட்டுறவன்." ஆட்கள் போகும்வரை காத்திருந்துவிட்டு, அன்று காலையில் ஆட்டிய முதல் எண்ணெயை ஒரு கேன் நிறைய ஊற்றி அவள்முன் வைத்தார். "இதப் போட்டுப் பாரு. அப்படியும் இறுகலேன்னா வந்து திட்டு. நீ திட்டுறதுக்காச்சும் வர்றியே."

அவள் கேனைத் தூக்கப்போனாள். அவர் கைப்பிடியை விடவில்லை.

"ஒரு விஷயம் சொல்லணும். காஞ்சிரப்பள்ளியில இருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கு. அக்கா ஒத்தக் கால்ல நிக்கிறா. நோன்பு பிறக்குறதுக்கு முன்னாடி பதில் சொல்லியாகணுமாம்."

டிசம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸ் வரை இருபத்தைந்து நாள் நோன்பு. எங்கள் சபையில் நோன்பில் கல்யாணம் நடக்காது. கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் அதை ஊருக்கு அறிவிக்கும் ஓலை வாசிக்கவேண்டும். ரோசிலி மனதுக்குள் கணக்குப் போட்டாள். நாள் அதிகமில்லை.

"நல்ல பொண்ணா?"

"நல்ல பொண்ணுதான். எண்ணெயில கலப்படம்னு கடைக்கு வந்து சண்டை போடமாட்டா."

"அப்போ சரின்னு சொல்லுங்க."

"சொல்லிடுவேன். போன வருஷம் உங்கிட்ட கேட்டதுக்கு நீ பொறுங்கன்னு சொன்னே. பொறுத்தேன். இன்னைக்குக் கடைசியாக் கேக்குறேன். நீ வீட்ட விட்டு வரமுடியாதுன்னா நான் அங்க வந்து இருக்கேன்."

"தத்தா?" அவள் குரல் தணிந்தது. ஆண்பிள்ளை மனைவி வீட்டில் போய்த் தங்குவதை எங்கள் பக்கத்தில் தத்து நிற்பது என்பார்கள். சொல்லும்போதே உதட்டோரம் ஒரு சிரிப்பும் சேர்ந்து வரும். "ஊரு சிரிக்கும் குரியாச்சா."

"சிரிச்சுக்கிட்டே எண்ணெய் வாங்கட்டும்."

"டோமி ஒத்துக்கமாட்டான். வீட்டையும் ரப்பரையும் அமுக்கத்தான் வந்தீங்கன்னு சொல்லுவான். அப்பச்சனும் வேற ஒரு ஆளைத் தொட விடமாட்டாரு. கோட்டயத்துலயிருந்து ஒரு நர்ஸ் வந்தாளே, தெரியுமில்ல? கஞ்சிய அவ மூஞ்சியிலேயே துப்பிட்டாரு. அன்னைக்கே பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டா."

"நான் கேட்டது டோமியையும் அப்பச்சனையும் பத்தி இல்ல," என்றார் குரியாச்சன்.

அவள் கேனைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கினாள்.

புது எண்ணெயில் இரண்டாவது சோப்புப் போட்டாள். நல்ல எண்ணெய், அதனால் இன்னும் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினாள். காஸ்டிக் சோடா பழைய டப்பாவில் இருந்தது. வழக்கம்போலத் தராசில் நிறுத்து, தண்ணீரில் கரைத்து, ஆறவைத்து, எண்ணெயில் ஊற்றிக் கிண்டினாள். தோள்பட்டை விட்டுப்போகும்வரை கிண்டினாள். நடுவில் இரண்டு தடவை சுவர் கூப்பிட்டது. ஒரு தடவை அப்பச்சனைத் திருப்பிப் படுக்கவைக்க. இன்னொரு தடவை ஜன்னலில் சாரல் அடிக்கிறது என்று சொல்ல.

இந்தச் சோப்பு முதல் சோப்பைவிட மோசமாக வந்தது. மேலே எண்ணெய் ஒரு விரல் கனத்துக்குப் பிரிந்து நின்றது.

ரோசிலி தட்டுமுன் குந்திக்கொண்டு அழுதாள். சோப்புக்காக மட்டும் அழவில்லை. எண்ணெய் சுத்தம், ஆள் சுத்தம், தான் வாய்க்கு வந்தபடி ஒரு நல்லவரைக் கலப்படக்காரன் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு வந்தாயிற்று. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்போது டப்பாவின் மூடி சரியாக மூடாமல் கிடந்ததைப் பார்த்தாள்.

உள்ளே காஸ்டிக் பொரிபொரியாக இருக்கவேண்டும். ஆனால் ஈரப்பட்ட சர்க்கரைபோல் ஒன்றோடொன்று ஒட்டி, அடியில் கொழகொழவென்று தண்ணீர் விட்டிருந்தது.

ஒரு மாத மழைக்காற்றை அந்த டப்பா குடித்திருக்கிறது. தராசு பொய் சொல்லவில்லை. தண்ணீரையும் சேர்த்துத்தான் நிறுத்துக் காட்டியது. எடை சரியாக இருந்தது, காஸ்டிக் குறைந்துபோயிருந்தது. குறைந்த காஸ்டிக் தனக்கு வேண்டிய எண்ணெயைப் பிடித்துச் சோப்பாக்கிவிட்டுத் தீர்ந்துபோயிற்று. மிச்ச எண்ணெய் பிடிக்க ஆளில்லாமல் அப்படியே நின்றது. இவள் அதை எண்ணெயின் குற்றம் என்று நினைத்து, மேலும் மேலும் எண்ணெயையே ஊற்றியிருக்கிறாள்.

ரோசிலிக்குச் சட்டென்று ஒரு வகுப்பறை ஞாபகம் வந்தது.

அவள் பட்டப்படிப்பில் ரசாயனம் எடுத்துப் படித்தவள். இரண்டாம் வருடத்தில் அம்மச்சி, அவள் அம்மா, படுக்கையில் விழுந்தாள். டோமிக்கு அப்போது பள்ளிக்கூடம். 'ஒரு வருஷம் வீட்ல இரு மோளே, அப்புறம் போலாம்' என்று அப்பச்சன்தான் சொன்னார். அம்மச்சி போய்ச் சேர்ந்த பிறகும் அந்த ஒரு வருடம் முடியவில்லை. ஆனால் அதற்கு முன்பு ஒருநாள் சிஸ்டர் கிளெமென்ஸ் கேட்ட கேள்வி அவளுக்கு மறக்காது. ஒரு ரசாயன வினையைக் கட்டுப்படுத்தும் பொருள் எது என்று கேட்டார். ரோசிலி துள்ளி எழுந்து, "எது குறைவோ அதுதான் சிஸ்டர்," என்றாள்.

"எடையில குறைஞ்சதா, தேவைக்குக் குறைஞ்சதா? ரெண்டும் ஒண்ணில்ல. உட்காரு," என்றார் சிஸ்டர்.

தோழிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவளும் உட்கார்ந்து, 'முதலில் தீர்ந்துபோகிற பொருளே விளைவின் அளவைத் தீர்மானிக்கும். மற்றதை எவ்வளவு கூட்டினாலும் விளைவு கூடாது' என்று எழுதி மனப்பாடம் செய்தாள். பரீட்சையில் மார்க்கும் வாங்கினாள். ஆனால் புரிந்தது இன்றுதான், தகரச் சார்ப்புக்குள், எண்ணெய்ப் பிசுக்கில் நிற்கும்போது. காஸ்டிக் எப்போதும் எண்ணெயைவிட எடையில் கொஞ்சம்தான். அது ஒரு குறையே இல்லை. அந்த எண்ணெய்க்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இல்லையென்றால் அது முதலில் தீரும். அது தீர்ந்த இடத்தோடு எல்லாம் நின்றுவிடும்.

அவள் தலையைத் திருப்பி வீட்டைப் பார்த்தாள்.

கதவைத் தாண்டி அப்பச்சனின் அறை தெரிந்தது. பொத்தானை அமுக்கினால் தலைப்பக்கம் உயரும் கட்டில், டோமி அனுப்பியது. மூலையில் துணி துவைக்கும் மிஷின், அதுவும் அவன் அனுப்பியது. புண் வராத மெத்தை, சக்கர நாற்காலி, கஞ்சி அரைக்கும் மிக்ஸி, சுவரில் கேமரா. ஒவ்வொரு தடவை இவள் 'முடியல டோமி' என்று சொன்னபோதும் ஒரு பெட்டி வந்து இறங்கியது. வந்ததெல்லாம் நல்ல சாமான்தான். முதல் எண்ணெய்போல் சுத்தமான அன்புதான். ஆனால் தீர்ந்துகொண்டிருந்தது அதுவல்ல. அப்பச்சனைத் தூக்க, திருப்ப, துடைக்க, ஊட்ட, அவர் பிடித்துக்கொள்ள அந்த வீட்டில் இருந்தது இரண்டே இரண்டு கை. அது தீர்ந்த இடத்தில் எல்லாம் நின்றிருந்தது.

இன்னொன்றும் தோன்றியது. அதுதான் அவளை உலுக்கிவிட்டது. நல்ல சோப்புக்குள் காஸ்டிக்கைத் தேடினால் கிடைக்காது. ஒரு துளி மிச்சமில்லாமல் கரைந்திருக்கும். யார் கையும் பொசுங்கக்கூடாது என்று அப்படித்தான் அளவு பார்த்துப் போடுவார்கள். ஊரில் எல்லோரும் ரோசிலியைப் பற்றிச் சொல்வதும் அதுதான். 'பாவம், ஒரு சுடுசொல் சொல்லத் தெரியாத பொண்ணு.'

சுடுசொல் இருந்தால்தானே சொல்வதற்கு. எல்லாம் கரைந்து போயாயிற்று.

அன்றே ஷைலாவின் புருஷனிடம் சொல்லிப் பிரிக்காத புதுக் காஸ்டிக் பாக்கெட் வாங்கிவரச் செய்தாள். கெட்டுப்போன இரண்டு சோப்பையும் அண்டாவில் போட்டு உருக்கினாள். புதுக் காஸ்டிக்கைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். எண்ணெய்க்கண் மறைந்து, குழம்பு தோசை மாவுபோல் திரண்டுவந்தது. அவள் சந்தோஷப்பட்ட அந்த நிமிடத்தில் உள்ளேயிருந்து "ரோ" என்று ஒரு அலறல். திரும்பிய வேகத்தில் காஸ்டிக் கிண்ணம் வலது கையில் கவிழ்ந்தது.

குழாயடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். தண்ணீர் ஓட ஓட எரிச்சல் தணிந்தது. ஆனால் தோல் வெந்து சிவந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஷைலாதான் கூட்டிப்போனாள். விரல் நுனி மட்டும் தெரியும்படி கட்டுப் போட்டு, கையை மடக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்று அப்பச்சன் அலறியது ஒன்றுக்குமில்லை. அவர் கனவு கண்டிருந்தார்.

மறுநாள் காலை உண்மையாகவே விழுந்தார். ஒரு கையால் அவரைத் திருப்பப்போன ரோசிலியின் பிடி நழுவ, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்து, கால் மடங்கிக் கிடந்தார். அந்தப் பெரிய உடம்பை ஒற்றைக் கையால் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. அவருடைய இடது கை வழக்கம்போல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. ஒரு கையில் கட்டு, ஒரு கையில் அப்பச்சன். எழுந்துபோய் ஆளைக் கூப்பிடக்கூட முடியாமல் அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மின்சாரமும் இல்லை, சுவரும் ஊமையாக இருந்தது. அயர்லாந்து முழுவதும் எழுந்து நின்றாலும் அந்த நிமிடத்தில் அவளுக்கு ஒரு கை கொடுக்க முடியாது.

கட்டுப்போட்ட கையின் விரல் நுனியால் தரையில் கிடந்த போனைத் தட்டித் தட்டி ஒரு எண்ணுக்குப் போட்டாள்.

"என்ன ரோசிலி, திட்டவா?" என்றது மறுமுனை.

"வாங்க," என்றாள். அவ்வளவுதான் வந்தது.

குரியாச்சன் மில்லை அப்படியே விட்டுவிட்டு வந்தார். கையெல்லாம் எண்ணெய், முட்டிவரை சேறு. வாசலில் தயங்கக்கூட இல்லை. கட்டிலை ஒரு பக்கம் நகர்த்தி, அவுசேப்பின் கக்கத்தில் கை கொடுத்து, கொப்பரை மூட்டை தூக்கும் லாவகத்தில் தூக்கினார்.

அவுசேப்பு விடவில்லை. இடது கையால் முகத்தில் அடித்தார். சட்டையைப் பிடித்து இழுத்தார். "ரோ, ரோ" என்று கத்தினார்.

"அடிங்க அப்பச்சா. நாலு வருஷமா வலது கை சும்மாதான் இருக்கு, இடது கையாச்சும் வேலை செய்யட்டும்," என்றபடி குரியாச்சன் அவரைக் கட்டிலில் கிடத்தினார். கால் முறியவில்லை. போர்த்திவிட்டார். பிறகு அவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு ரோசிலியிடம் திரும்பினார்.

"இந்த மீசைய யாரு இப்படிப் பண்ணினது? எலி கடிச்ச மாதிரி இருக்கு."

"நான்தான். கத்திரியால."

"பாலா சந்தையே பயந்த மீசை இது. நான் சின்னப் பையனா இருக்கும்போது எங்கப்பன் காட்டிக் காட்டிச் சொல்லுவாரு. இத இப்படி வெச்சிருந்தா மனுஷனுக்குக் கோபம் வராம என்ன வரும்? வெந்நீர் கொண்டா. பிளேடு இருக்கா?"

அவுசேப்பின் கத்தல் நின்றது. எண்ணெய்க்கை தன் தாடையைத் தொட்டபோது கழுத்தை வெடுக்கென்று திருப்பினார். குரியாச்சன் காத்திருந்தார். மறுபடி தொட்டார். மறுபடி திருப்பினார். மூன்றாம் தடவை, சுடுதண்ணீரில் நனைத்த துணி கன்னத்தில் பட்டதும் கிழவரின் கண்கள் மெல்ல மூடின. முகவாய் தானாக மேலே உயர்ந்தது. சலூன் நாற்காலியில் சாய்ந்து பழகிய முகவாய் அது.

ரோசிலி சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். அவள் மணிக்கட்டை யாரும் பிடித்திருக்கவில்லை. கையை என்ன செய்வதென்றே அவளுக்குத் தெரியவில்லை.

அப்போது மின்சாரம் வந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"யாரது?" என்றது சுவர்.

குரியாச்சன் பிளேடை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். "நான்தான் டோமி, மில்லு குரியாச்சன். சத்தம் போடாதே, மீசையில கை வெச்சிருக்கேன்."

"நீங்க ஏன் அங்க? சேச்சி, என்ன இதெல்லாம்? நாலு பேரு என்ன பேசுவாங்க? எனக்கு ஏற்கெனவே போன் வந்துச்சு, அந்த ஆளு தத்து வரப்போறான்னு. வீட்டு மேலயும் ரப்பர் மேலயும் கண்ணு வெச்சுத்தான்..."

"டோமி," என்றாள் ரோசிலி.

அவள் குரல் உயரவில்லை. ஆனால் அதில் ஏதோ இருந்ததால் சுவர் நின்றது.

"வீடு உனக்கு. ரப்பர் உனக்கு. எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். உன்கிட்ட இதுவரைக்கும் நான் கேட்டது ஒண்ணு, நீ அனுப்பினது வேற ஒண்ணு. நீ எண்ணெயா ஊத்திக்கிட்டே இருக்கே டோமி. எண்ணெய் போதும். இங்க தீர்ந்துபோனது நான்."

"என்ன சேச்சி சொல்றே? எனக்குப் புரியல."

"எனக்கே நேத்துதான் புரிஞ்சுது. அப்பச்சன் விழுந்தாரு. நான் ஒத்தக் கையோட தரையில உட்கார்ந்திருந்தேன். உன் கட்டில் தூக்கல, உன் மிஷின் தூக்கல. நீ வந்து ஒரு மாசம் இரு, நான் யாரையும் கூப்பிடல. வரமுடியுமா?"

அங்கே ஏதோ குழந்தை அழும் சத்தம் மட்டும் கேட்டது.

"லீவு கிடைக்காது சேச்சி. பிள்ளைங்கள விட்டுட்டு... உனக்குத் தெரியாதா?" டோமியின் குரல் உடைந்திருந்தது. "ஆனா இது எப்படி? கொஞ்சம் யோசிக்கணும். பெரியவங்ககிட்ட கேக்கணும்."

"யோசி. கேளு," என்றாள் ரோசிலி. நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினாள். தோளில் கிடந்த தோர்த்துத் துண்டை எடுத்து அந்த வெள்ளைப் பெட்டியின்மேல் போட்டாள். கண்ணும் வாயும் மூடிக்கொண்டன.

குரியாச்சன் மீசையின் இடப்பக்கத்தை முடித்துவிட்டு வலப்பக்கத்துக்கு வந்திருந்தார். "காஞ்சிரப்பள்ளிக்கு என்ன சொல்ல?" என்று கேட்டார், தலையைத் திருப்பாமலே.

"கலப்படக்காரனுக்கெல்லாம் அங்க பொண்ணு தரமாட்டாங்கன்னு சொல்லுங்க," என்றாள் அவள்.

அந்த வாரத்தில் ஒருநாள் மத்தியானம் ஷைலா அப்பச்சனுக்குக் காவல் இருந்தாள். ரோசிலியும் குரியாச்சனும் கோவிலுக்குப் போய்ப் பாதிரியார் அச்சன் முன்னால் மனச்சம்மதம் சொல்லிவிட்டு வந்தார்கள். பட்டுப்புடவை இல்லை, சொந்தக்காரர் கூட்டம் இல்லை. ஷைலாவின் புருஷன்தான் சாட்சி. அப்பச்சனிடம் ரோசிலி ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்ல வாயெடுப்பாள். அவர் கை வந்து மணிக்கட்டைப் பிடிக்கும். அவள் கஞ்சி ஊட்டத் தொடங்கிவிடுவாள். குரியாச்சனும் அதன்பின் வீட்டுப்படி ஏறவில்லை. ஓலை வாசிக்கும்வரை நான் வருவது முறையில்லை என்று சொல்லிவிட்டார். அதனால் அந்த வாரமும் அதே வீடு, அதே கட்டில், அதே பிடிதான்; திருப்பும்போது மட்டும் ஷைலா பின்னாலிருந்து ஒரு கை கொடுத்தாள். இரவெல்லாம் அவளுக்கு ஒரே பயம். அப்பச்சன் கேட்டுவிட்டுக் கத்தினால்? கஞ்சி குடிக்கமாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டால்? அவரைப் பட்டினி போட்டுவிட்டுக் கல்யாணப் பந்தலில் நிற்க அவளால் முடியுமா? முடியாது. அது அவளுக்கே தெரியும். நர்ஸைத் துரத்திய மனிதர் ஒருநாள் சவரத்துக்கு மயங்கிவிட்டார் என்பதற்காக வாழ்நாள் முழுவதும் மயங்கிக் கிடப்பாரா?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ரோசிலிக்குப் பூசைக்குப் போகக் கொடுத்துவைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் எத்தனையோ காலமாயிற்று. எங்கள் கோவில் ஒலிபெருக்கி ஆற்றின் இரு கரைக்கும் கேட்கும். அப்பச்சனின் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் அதில்தான் பூசை காண்பது வழக்கம். அன்று உட்காருவதற்கு முன் நாற்காலியில் ஏறித் தோர்த்தை எடுத்துவிட்டாள்.

"நீயும் கேளு டோமி. யாரோ சொல்லி உனக்குத் தெரியவேண்டாம்," என்றாள்.

சுவரில் விளக்கு சிவப்பாக எரிந்தது.

பூசை முடிவில் அச்சன் தொண்டையைச் செருமினார். ஒலிபெருக்கி ஒருமுறை கீச்சிட்டது. பிறகு, தென்னைகளுக்கு மேலாக, மழைவிட்ட ஆகாயம் முழுவதும் நிறைந்து அந்தக் குரல் வந்தது. இந்தக் கோவில் பங்கைச் சேர்ந்த அவுசேப்பின் மகள் ரோசிலியும், இதே பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற வர்க்கியின் மகன் குரியாக்கோஸ் என்ற குரியாச்சனும் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கவேண்டும். இது முதல் ஓலை.

தன் பெயரை அத்தனை சத்தமாக யாரும் கூப்பிட்டு ரோசிலி கேட்டதில்லை.

மணிக்கட்டில் பிடி இறுகியது. அப்பச்சன் கண்ணை அகலத் திறந்து அவளைப் பார்த்தார். வாய் கோணி அசைந்தது. "ரோ" கூட வரவில்லை. கண்ணோரத்திலிருந்து தண்ணீர் இறங்கி, ஒரு வாரத்து நரைமுள்ளில் சிக்கி நின்றது. விரல்கள் எலும்புவரை அழுத்தின. இவ்வளவு பலம் அந்தக் கையில் இன்னும் இருந்ததா என்று அவள் நினைத்தாள். கையை இழுக்கவில்லை. கட்டுப்போட்ட கையால் அவர் கண்ணைத் துடைத்தாள்.

"நான் எங்கேயும் போகல அப்பச்சா. இன்னொரு ஆளு இங்க வர்றாரு, அவ்வளவுதான்."

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கோவிலில் கடைசிப் பாட்டு தொடங்கி முடிந்தது. மக்கள் கலையும் சத்தம் கேட்டது.

பிடி விட்டது.

ரோசிலி அவர் முகத்தைப் பார்த்தாள். கோபமா? வெறுப்பா? விட்ட கையை அவர் மெதுவாகத் தூக்கினார். அவரிடம் இருந்தது அந்த ஒரு கைதான். அதை வேறெதற்காவது தூக்கவேண்டுமானால் மகளை விட்டுத்தான் ஆகவேண்டும். புறங்கையைத் தன் கன்னத்தில் வைத்து மேலும் கீழும் தேய்த்தார். மீசை நுனியைத் தொட்டார். மறுபடி கன்னத்தைத் தேய்த்தார்.

"அரிக்குதா அப்பச்சா? கொசுவா?"

இல்லை என்பதுபோல் தலையை அசைத்து, கதவைப் பார்த்து, மறுபடி தேய்த்தார்.

"சேச்சி," என்றது சுவர். மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் பேசியது. "அவருக்குச் சவரம் பண்ணணுமாம். அந்த ஆளக் கூப்பிடச் சொல்றாரு."

ரோசிலி எழுந்தாள். மணிக்கட்டில் ஐந்து விரல் தடமும் சிவந்து கிடந்தது. அடுப்பில் வெந்நீர் வைத்துவிட்டுச் சார்ப்புக்குள் போனாள். அவள் மீண்டும் காய்ச்சி, ஷைலா தட்டில் ஊற்றிவைத்த சோப்பு இறுகியிருந்தது. இடக்கையால் கத்தியை வைத்தாள். சுத்தமாக வெட்டுப்பட்டது. ஒரு துண்டை எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். காஸ்டிக் மிச்சமிருந்தால் சுடும். சுடவில்லை.

வாசலில் ஷைலாவின் குரல் கேட்டது. கூடவே கொப்பரை வாசனையும் வந்தது.

"கல்யாணப் பொண்ணே, கதவத் திற. உங்க கலப்படக்காரரு வெளிய நின்னுக்கிட்டு, உள்ள வரலாமா கூடாதான்னு எங்கிட்ட கேக்குறாரு."